நாற்பத்தொரு அர்த்தமற்ற ஒலிகள்

லிஃப்ட்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். எந்தக் கோளாறுக்கும் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும் என்று நம்புகிறவர். சிவப்பு விளக்கு மூன்று தடவை சிமிட்டினால் நாற்பத்திரண்டாம் பக்கம், விடாமல் எரிந்தால் அடுத்த பக்கம். இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. கையேட்டை நம்பாத ஒருவர் சரிசெய்த லிஃப்டில் நீங்களும் நானும் ஏற மாட்டோம்.

அவருக்கு ஒரே மகள். செல்லப் பெயர் கடுகு. திறந்திருக்கும் கதவு எதுவானாலும் ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்துதான் உட்காருவாள். முகம் பார்த்துப் பேச மாட்டாள். பேச்சே நாலு வயதுக்கு மேல்தான் வந்தது, அதுவும் சொட்டுச் சொட்டாக. வளர்ச்சிக் குறைபாடு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்து வயதில் அவளுக்கு நாற்பத்தாறு சொற்கள் இருந்தன. இதை எண்ணி வைத்திருந்தவள் அவள் அம்மா.

அம்மாவுக்கு லாண்டரியில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். வீட்டில் தமிழ். வெளியே கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வேறு பாஷை. அதற்கு அவர்கள் வீட்டில் வைத்த பெயர் ஆபீஸ் பாஷை. லிஃப்ட்காரருக்கு அது சரளமாக வரும். மனைவிக்கு லாண்டரி வரைக்கும்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் மொழி வளர்ச்சி நெறிப்படுத்தும் மையத்தின் சான்று வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு பெண் மேஜைமேல் படச்சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். டம்ளரில் தண்ணீர்.

"தண்ணி" என்றாள் கடுகு.

படச்சீட்டுக்காரர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த சீட்டைக் காட்டினார். ஒரு கதவு, பாதி திறந்தபடி.

"மூடு" என்றாள் கடுகு, கொஞ்சம் கோபமாகவே.

அதையும் எழுதிக்கொண்டார். லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். "சரியாத்தானே சொல்றா? எங்க பாஷையில சொல்றா, அவ்வளவுதான்" என்றார் ஆபீஸ் பாஷையில்.

"சரியா இருக்கலாம் சார். ஆனா அதை எழுத என்கிட்ட கட்டம் இல்லை."

"அப்ப என்ன எழுதினீங்க?"

"அர்த்தமற்ற ஒலின்னு. அதுக்குக் கட்டம் இருக்கு."

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. பொதுமொழிச் சொற்கள், அதாவது ஆபீஸ் பாஷைச் சொற்கள், ஐந்து. அர்த்தமற்ற ஒலிகள் நாற்பத்தொன்று. மூவரையும் இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். நரைத்த தலை, கனிவான குரல். எதிரே இருப்பவருக்குத் தாகம் இருக்கிறதா என்று கேட்காமலே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற நல்ல பெண்மணி.

"குழந்தையோட மூளைங்கறது ஒரே ஒரு நாற்காலி" என்றார். "ரெண்டு மொழியை உள்ள விட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கும். எது உட்காரும்? எதுவும் உட்காராது. வீட்டுல அந்த இன்னொரு மொழியைப் பேசறது யாரு?"

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

அவர் கேள்வியை மொழிபெயர்த்தார். அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். "வயித்துல இருக்கும்போதே பேசுவேனே."

'பாதிப்பு, பிறப்புக்கு முன்பே தொடக்கம்' என்று இயக்குநர் குறித்துக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு குழந்தை, கடுகைப் போலவே. அந்த வீட்டில் ஆபீஸ் பாஷை தவிர வேறொன்றும் கிடையாது. அந்தக் குழந்தை ஏன் பேசவில்லை என்று கேட்டார்.

"அந்தக் குழந்தைக்குப் பிரச்சினை இருக்கு சார்."

"என் மகளுக்கும் அதே பிரச்சினைதானே?"

"உங்க மகளுக்குப் பிரச்சினையோட ஒரு காரணமும் இருக்கு. அந்த வகையில நீங்க கொடுத்து வெச்சவங்க."

லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. இரண்டு வருஷமாக அவர் மனசு யாருடைய குற்றம் என்று துழாவிக்கொண்டிருந்தது. தன் வழியிலா, மனைவி வழியிலா, தான் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியது போதவில்லையா. இப்போது விரல் தன்னைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இந்தப் பேச்சில் பாதிகூடப் புரியவில்லை. அதுவும் அப்போது வசதியாகத்தான் இருந்தது.

'ஒரு வீடு, ஒரு மொழி' உறுதிமொழியில் நாலு பக்கம். நாலிலும் கையெழுத்துப் போட்டார். பள்ளிச் சான்று கிடைத்தது.

மையம் ஒரு நோட்டுக் கொடுத்தது. பெயர், வழுக்கல் பதிவேடு. வீட்டில் யாராவது வாய் தவறித் தமிழ் பேசினால் நேரம், சொல், காரணம் மூன்றையும் எழுத வேண்டும். லிஃப்ட்காரர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். பென்சிலைச் சீவிக் காதில் செருகிக்கொண்டார். முதல் நாள் அறுபத்து மூன்று வழுக்கல், ஒன்று தவிர எல்லாம் மனைவியுடையவை. "ரொம்பக் கஷ்டமா இருக்குங்க" என்று அவள் சொன்னதும் அதில் சேர்த்தி.

"கடுகுக்காகத்தானே. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். இதையும் தமிழில்தான் சொன்னார், சொல்லிவிட்டு நேர்மையாக எழுதிக்கொண்டார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். லாண்டரியில் கற்ற ஆபீஸ் பாஷையை வைத்துப் பிள்ளையை வளர்க்கத் தொடங்கினாள். கடுகு பாலைக் கொட்டினால், "இந்தக் கறை போகாது" என்பாள். குளிக்க அழைக்க, "வெள்ளை தனி, கலர் தனி." பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, பிள்ளையின் தலையைத் தடவி, தனக்குத் தெரிந்த வாக்கியங்களிலேயே மரியாதையான ஒன்றைச் சொல்வாள். "நன்றி. செவ்வாய்க்கிழமை வாங்க."

கடுகு வாசலிலேயே நின்று அம்மாவின் வாயைப் பார்ப்பாள். யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை அம்மாவின் வாயை மட்டும் அப்படிப் பார்த்தது.

மூன்றாவது மாதம் ஒரு சிக்கல். வேண்டாம் என்பதற்குக் கடுகு "ஊஹூம்" என்று தலையை ஆட்டுவாள். அவள் அம்மாவும் அப்படியே. அது எந்த மொழி? லிஃப்ட்காரர் மையத்துக்கு எழுதிக் கேட்டார். மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு இருமுறை கூடியது. 'ஊஹூம்' என்பதில் முதல் பாதி எல்லா மொழிக்கும் பொது, இரண்டாம் பாதியின் இழுப்பில் வீட்டுமொழிச் சாயல் உள்ளது என்று கண்டறிந்தார்கள். இறுதித் தீர்ப்பு வரும்வரை தலையை மட்டும் ஆட்டிக்கொள்ளலாம், சத்தம் கூடாது என்று கடிதம் வந்தது. இறுதித் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

அடுத்து வீட்டு ஆய்வாளர் வந்தார். கச்சிதமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் வீடே மூச்சுக் காட்டவில்லை. அவருக்காகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"ஸ்ஸ்... அம்மா."

ஆய்வாளர் கண்ணைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.

"சார், சுட்டா எல்லாரும் அப்படித்தானே கத்துவாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்லை சார். பொதுமொழியில வேற மாதிரி. பழக்கம் இல்லைன்னா பரவாயில்லை, அதுக்கு ஒரு துண்டறிக்கை இருக்கு" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'பொதுமொழியில் வலியை வெளிப்படுத்துதல்: பெற்றோருக்கான பன்னிரண்டு பக்கங்கள்.'

அவள் விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள். ஆய்வாளர் போகும்வரை திரும்பவில்லை. லிஃப்ட்காரர் துண்டறிக்கையைப் படித்துவிட்டு, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு வழுக்கல் கடகடவென்று குறைந்தது. ஒரு நாளைக்கு நாலு. பிறகு ஒன்று. பிறகு பக்கம் பக்கமாக வெறுமை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், மடித்தாள், ஊட்டினாள். பேசுவதையே விட்டுவிட்டாள். தமிழையும், மற்றதையும். அம்மா பேசாத வீட்டில் கடுகு மட்டும் எதற்காகப் பேசுவாள்? 'தண்ணி' போயிற்று. 'தூக்கு' போயிற்று. 'இன்னும்', 'போதும்', 'வலி' எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகப் போனது 'மூடு'. இப்போது கதவைச் சாத்திவிட்டுச் சும்மா நிற்பாள்.

ஒரு வருஷம் முடிந்ததும் மறு மதிப்பீடு. பொதுமொழிச் சொற்கள் பதினொன்று. அர்த்தமற்ற ஒலிகள், பூஜ்யம்.

மையத்தில் விழா எடுத்தார்கள். 'ஒருமொழி இல்லம்' சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"ஐந்து சொல் பதினொன்றானது. நூற்று இருபது சதவீத வளர்ச்சி. அதைவிடப் பெரிய சாதனை, ஒரு குழந்தையிடமிருந்து நாற்பத்தொரு குழப்பங்களை ஒன்று பாக்கியில்லாமல் நீக்கியிருக்கிறோம். இன்று இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். கைதட்டினார்கள். நாற்பத்தாறு போய்ப் பதினொன்று என்று லிஃப்ட்காரருக்குக் கணக்குத் தெரியாமலில்லை. லிஃப்டைத் தூக்கும் இழுவைக் கம்பியில் எத்தனை இழை அறுந்தால் ஆபத்து என்று தெரிந்தவர். ஆனால் மேடையில் நின்றார், சான்றிதழை வாங்கினார், மையத்துக்கு நன்றி சொன்னார். "என் மனைவியோட ஒத்துழைப்புக்கும் நன்றி" என்றார். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியாமல் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

இதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடுகு சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. அம்மா ஓடிவந்து வாரி எடுத்தாள்.

"எங்..." என்று தொடங்கினாள். நின்றாள். நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து அவர் காதில் இருந்த பென்சிலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பேசு என்று அவர் சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. பென்சிலை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம். அவர் துண்டறிக்கையைத் தேடி எடுத்தார். ஏழாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்ததைக் கடுகின் முன்னால் மண்டியிட்டுத் தெளிவாகப் படித்தார். "உன் உடலில் எந்தப் பகுதியில் அசௌகரியத்தை உணர்கிறாய்?"

கடுகு அம்மாவின் தோளில் தலையை முட்டினாள். சாயங்காலம்வரை முட்டினாள். பிறகு காதிலிருந்து மஞ்சளாக ஒழுகியது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆறிடும். ஆனா ரெண்டு மூணு நாளாவே நல்லா வலிச்சிருக்கும். குழந்தை சொல்லலையா?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்ன கேக்கறாரு?" என்றாள் மனைவி. பல மாதம் கழித்து அவள் குரல். கரகரத்திருந்தது.

"வலின்னு சொல்லலையான்னு கேக்கறார். சொல்லத் தெரியாதுன்னேன்."

"தெரியும்" என்றாள். "போன வருஷம் வரைக்கும் தெரியும்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் மையம் திறக்கும்போதே லிஃப்ட்காரர் வாசலில் நின்றார். உறுதிமொழியை ரத்து செய்யப் போவதாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே போனால் சுவரெல்லாம் புதிய சுவரொட்டிகள். 'இரு மொழி, இரு சிறகு.' இயக்குநர் அதே கனிவோடு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க. கடிதம் அனுப்பறதா இருந்தோம். வீட்டுல ஏன் சார் தாய்மொழி பேசறதில்லை?"

லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்கதானே வேண்டாம்னீங்க."

"அதெல்லாம் பழைய கருத்து. ரெண்டு மொழியில வளர்றதால இந்த மாதிரி குழந்தைகளுக்கு ஒரு கெடுதலும் இல்லைன்னு ஆராய்ச்சி சொல்லுது. அம்மா எந்த மொழியில மனசுவிட்டுப் பேசுவாங்களோ அதுலதான் பேசணுமாம்."

"எப்பலேர்ந்து சொல்லுது?"

"அது ரொம்ப வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கு. நமக்குச் சுற்றறிக்கை வந்தது போன வாரம்."

இயக்குநர் ஒரு படிவத்தை நகர்த்தினார். 'தாய்மொழி இழப்பு: பொறுப்பு நிர்ணயம்.' குழந்தைக்கு வீட்டுமொழியை மறுத்தவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. தாய். அறியப்படவில்லை.

"அப்பான்னு போடணும். கட்டம் இல்லையே" என்றார் லிஃப்ட்காரர்.

"அது தாய்மொழி இல்லையா சார், அதனால தாய்."

"அப்ப மையத்துக்கு?"

"மையம் ஆலோசனைதான் சொல்லும். முடிவு பெற்றோருது. உறுதிமொழியைப் பாருங்களேன். என் கையெழுத்து எங்கேயாவது இருக்கா?"

கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலு பக்கத்தையும் லிஃப்ட்காரர் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். இயக்குநர் சொன்னது சரி. எல்லாம் தன் கையெழுத்துத்தான். தாயின் ஒப்புதல் என்ற இடத்திலும் அவரே 'மனைவிக்காக' என்று எழுதிப் போட்டிருந்தார். அன்றைக்கு அவளுக்கு வாசித்துச் சொல்லக்கூட இல்லை, நேரமாகிவிட்டது என்று.

படிவத்தின் ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் வரைந்தார். அளவுகோல் இல்லாமல் வரைந்தது, கோணலாக வந்தது. அதற்குள் 'தந்தை' என்று எழுதி டிக் அடித்தார். கட்டங்களைக் கூட்டினால் படிவம் செல்லாது என்று இயக்குநர் வருத்தத்தோடு தெரிவித்தார். வேறு படிவம் எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே 'தாய்' என்ற கட்டத்தில் தானே டிக் போட்டுக்கொண்டார். "சான்றிதழைச் சட்டத்தோட திருப்பிக் கொடுத்துடுங்க" என்றும் நினைவூட்டினார்.

அப்படி நிர்ணயிக்கப்பட்ட தாய், மூன்று அமர்வு தாய்மொழி மீட்புப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வராவிட்டால் கடுகின் பள்ளிச் சான்று போய்விடும். தன் மொழியில் தன் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியாளர் நம் படச்சீட்டுக்காரர்தான். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. "முறை எல்லா மொழிக்கும் ஒண்ணுதான் சார்" என்று அவர் தைரியம் சொன்னார்.

வீட்டில் லிஃப்ட்காரர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "தப்பு என்னோடதுதான்" என்றும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "என்னைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் அமர்வு. அவளை ஒரு சிறிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "ஐந்து நிமிஷம், குழந்தையோட இயல்பாப் பேசச் சொல்லுங்க" என்றார் படச்சீட்டுக்காரர். லிஃப்ட்காரர் சொன்னார். அவள் கடுகைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. வாயைத் திறந்து மூடினாள். பூட்டிக் கிடந்த வீட்டின் சாவி கைக்கு எட்டாததுபோல் ஒரு முகம். பிறகு கடுகைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கதை சொல்கிற குரலில், ராகம் போட்டு, தொடங்கினாள்.

"ஒரே ஒரு வீட்டுல ஒரு அப்பா இருந்தாராம். அவருக்கு நோட்டுன்னா உசிராம். அந்த வீட்டு அம்மா வாயத் திறந்தா அப்பா நோட்டத் திறப்பாராம். அம்மா தும்முனா எழுதுவாராம், சுட்டுக்கிட்டா எழுதுவாராம். அம்மா என்ன பண்ணா தெரியுமா? போங்கடான்னு வாயையே தெச்சுக்கிட்டா."

படச்சீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. 'குரல் ஏற்ற இறக்கம், மிக நன்று' என்று எழுதினார்.

"ஒரு நாளு பாப்பாவுக்குக் காது வலி. பாப்பா சுவத்துல முட்டுது. எங்கடி வலிக்குது கண்ணுன்னு கேக்க அம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அப்பாவப் பாத்துப் பயந்துட்டா. தன் வீட்டுல, தன் பிள்ளைகிட்ட, எங்க வலிக்குதுன்னு கேக்கப் பயந்த அம்மாவ எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ? இந்தா இருக்கேன், பாத்துக்கோ."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணிலிருந்துதான் கொட்டிக்கொண்டிருந்தது. கடுகு அம்மாவின் வாயையே பார்த்தாள். 'வலி' என்ற சொல் மறுபடி வந்தபோது, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் காதின்மேல் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் படச்சீட்டுக்காரர். "பதிவுக்காக, என்ன கதைன்னு சொல்லிடுங்க சார்."

முயல் கதை என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். நோட்டு, தும்மல், சூடு, தைத்த வாய், காது, பயம், ஒன்றையும் விடாமல் ஆபீஸ் பாஷையில் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பாஷையில் அவருக்கு நாக்கு இவ்வளவு தடுமாறியதில்லை. முடித்துவிட்டு, கதையில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார். "அந்த அப்பா நான்தான்."

படச்சீட்டுக்காரர் பேனா நுனியால் படிவத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "கற்பனைக் கதைன்னு போட்டுடறேன் சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அதுதான் நமக்கு எல்லாருக்கும் நல்லது."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடுகை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். லிஃப்ட்காரர் பின் இருக்கையில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் அவள் பேச ஆரம்பித்தாள். கடுகிடம்தான். அதோ பாரு பாலம், அடியில பாரு தண்ணி எவ்வளவு அழுக்கா ஓடுது, அந்த ஆளு குடையை மறந்துட்டு ஓடுறாரு பாரு, அய்யோ பாவம் நாய்க்குட்டி. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், நல்ல சத்தமாக. ஒரு வருஷத்துப் பேச்சு. கடுகு ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்தொன்று திரும்பி வருமா, எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கத்துப் பயணி ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு லிஃப்ட்காரர் பக்கம் சாய்ந்து, ஆபீஸ் பாஷையில், மரியாதையாகவே கேட்டார். "உங்க வீட்டம்மாவா? கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். தமிழில் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குப் புரிந்திருக்காது.

முன் இருக்கையில் பேச்சு அரை நொடி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.